லினக்ஸுக்கு மாறும் முன் பென்டிரைவில் ஒரு வாரம்

"லினக்ஸுக்கு மாறிவிடலாமா?" என்று கேட்பவர்களுக்கு நான் உடனே "ஆமாம்" சொல்வதில்லை. விண்டோஸ் போலவே கணினியை இயக்கும் இன்னொரு இயங்குதளம்தான் லினக்ஸ். எனக்கு அது மிகவும் பிடிக்கும், தினமும் அதில்தான் வேலை செய்கிறேன். அதனாலேயே அவசரம் வேண்டாம் என்கிறேன். அவசரத்தில் மாறியவர்கள் பத்தே நாளில் பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பியவர்கள் இன்னொரு முறை முயன்றுபார்ப்பது அரிது.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதியும் ஓரளவு புதிய புராசஸரும் இருக்க வேண்டும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியை ஒதுக்கிவைக்க மனம் வராமல் லினக்ஸ் பக்கம் திரும்பியவர்கள் இதனால் நிறைய. உங்களுக்கும் அதுதான் காரணம் என்றால், ஒன்றையும் அழிக்காமலே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பென்டிரைவிலிருந்து லினக்ஸைக் கிளப்பினால் அது பென்டிரைவையும் ரேமையும் மட்டும் வைத்து முழுமையாக ஓடும். அணைத்தால் சுவடில்லாமல் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் விண்டோஸ் அப்படியே இருக்கும். இதை 'லைவ்' முறை என்பார்கள். 2000-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் கிளவுஸ் க்னோப்பர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ், சிடியிலிருந்தே முழு லினக்ஸையும் ஓட்டிக் காட்டி இந்த முறையைப் பரவலாக்கியது. இப்போது பெரும்பாலான பிரபல லினக்ஸ்களில் இந்த வசதி கூடவே வருகிறது.

எனக்கு இருக்கும் கவலை வேறு. லைவில் நுழைந்ததும் மெனுவைத் திறந்து மூடுகிறார்கள், பின்னணிப் படத்தை மாற்றுகிறார்கள், ஒரு யூடியூப் வீடியோ பார்க்கிறார்கள். இருபது நிமிடத்தில் "நல்லாத்தான் இருக்கு" என்று நிறுவிவிடுகிறார்கள். மூன்றாம் நாள்தான் ஸ்கேனர் வேலை செய்யவில்லை என்பது தெரியவருகிறது. சோதிக்க வேண்டியது லினக்ஸின் அழகை அல்ல. உங்கள் கணினியில், உங்கள் வேலை அதில் நடக்கிறதா என்பதைத்தான். கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

முதலில் ஒரு காகிதம்

பென்டிரைவைத் தேடுவதற்கு முன் ஒரு காகிதத்தை எடுங்கள். கடந்த ஒரு மாதத்தில் கணினியில் என்னென்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள். "இன்டர்நெட், ஆபீஸ்" என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தத் தளம், எந்த மாதிரிக் கோப்பு, எந்தக் கருவி என்று எழுதுங்கள். வீடியோ அழைப்புக்கு எந்தச் செயலி, பிரின்டரின் மாடல் என்ன, டிஜிட்டல் கையொப்பம் போடும் டோக்கன் இருக்கிறதா, விளையாட்டு உண்டா, எல்லாம் வர வேண்டும்.

என் பெரியப்பாவின் லேப்டாப்பை லினக்ஸில் ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "ஏம்பா, நான் பத்து வருஷமா அடிச்சு வச்ச கடிதமெல்லாம் இதுல திறக்குமா?" அவை யூனிகோடுக்கு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) முந்தைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. நான் போட்டுவைத்திருந்த பட்டியலில் அது இல்லவே இல்லை. பட்டியலைக் கணினியை உபயோகிப்பவரே எழுத வேண்டும் என்று அன்று புரிந்தது.

பட்டியல் கையில் வந்ததும் சில விஷயங்களை லினக்ஸைத் தொடாமலே முடிவு செய்துவிடலாம். ஃபோட்டோஷாப், ஆட்டோகேட், டெஸ்க்டாப்பில் நிறுவும் மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் ஆகியவற்றுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. வைன் என்ற கருவி மூலம் சில விண்டோஸ் செயலிகள் ஓடும். ஆனால் சம்பாத்தியம் தரும் வேலையை அதன் மேல் நம்பி வைக்கச் சொல்ல மாட்டேன். ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் இருக்கும் விண்டோஸ் விளையாட்டுகள், அவற்றை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வசதி 2018-இல் வந்த பிறகு ஏராளமாக ஓடுகின்றன. ஒவ்வொரு விளையாட்டும் எப்படி ஓடுகிறது என்று பயனர்கள் எழுதிவைத்திருப்பதைப் புரோட்டான்டிபி தளத்தில் பார்க்கலாம். வேலரன்ட், ஃபோர்ட்நைட் போல மோசடித் தடுப்பு மென்பொருள் கெடுபிடியாக இருக்கும் விளையாட்டுகள் ஓடாது. உங்கள் காகிதத்தில் இவற்றில் ஒன்று நட்சத்திரம் போட்டு இருந்தால், விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் என்பதுதான் உங்கள் வழி.

மற்றவற்றுக்கு ஒரு எளிய உபாயம் இருக்கிறது. லிப்ரெஆபீஸ், ஃபயர்ஃபாக்ஸ், விஎல்சி, கிம்ப், இங்க்ஸ்கேப், கிரிட்டா எல்லாமே விண்டோஸிலும் ஓடும். இப்போதே விண்டோஸில் அவற்றை நிறுவி உங்கள் சொந்தக் கோப்புகளைத் திறந்து இரண்டு வாரம் வேலை பாருங்கள். மாறுகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் செயலிகளில்தான், இயங்குதளத்தில் அல்ல. அந்தத் தடுமாற்றத்தைப் பழகிய இடத்திலேயே கடந்துவிட்டால் பாதிப் பாரம் குறைந்துவிடும்.

எந்த லினக்ஸ்?

லினக்ஸ் பல வகைகளில் கிடைக்கிறது. எதை எடுப்பது என்று வாரக்கணக்கில் தவிக்காதீர்கள். விண்டோஸிலிருந்து வருகிறீர்கள் என்றால் லினக்ஸ் மின்ட்டின் சின்னமன் பதிப்பு. கீழே பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம் என்று கை பழகிய இடத்தில் எல்லாம் இருக்கும். ரேம் 4 ஜிபிதான் என்றால் அதே மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மிகப் புதிய லேப்டாப் என்றால் புதிய கெர்னலோடு (லினக்ஸின் உட்கரு, வன்பொருளோடு பேசும் பகுதி) வரும் ஃபெடோராவையோ உபுண்டுவின் அண்மைப் பதிப்பையோ முயலலாம். மின்ட் ஒத்துவராவிட்டால் வேறொன்றைப் பென்டிரைவில் எழுதிப் பார்க்க அரை மணி நேரம் போதும். வெறும் தோற்றத்தை மட்டும் பார்க்க ஆசை என்றால் டிஸ்ட்ரோசீ என்ற தளத்தில் பிரவுசருக்குள்ளேயே பல லினக்ஸ்களைத் திறந்து பார்க்கலாம்.

பென்டிரைவ் தயாரிப்பு

8 ஜிபி பென்டிரைவ் ஒன்று வேண்டும், முடிந்தால் யூஎஸ்பி 3 வகை. அதில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், எனவே முதலில் நகல் எடுத்துவையுங்கள். லினக்ஸ் மின்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (முழு லினக்ஸும் ஒரே கோப்பாக அடங்கியது) பதிவிறக்குங்கள். ஏறக்குறைய 3 ஜிபி இருக்கும். உபுண்டு என்றால் அதைப்போல இரு மடங்கு.

பதிவிறக்கியதும் ஒரு வேலையைத் தவிர்க்காமல் செய்யுங்கள். அந்தத் தளத்தில் ஐஎஸ்ஓ பக்கத்திலேயே எஸ்ஹெச்ஏ256 என்ற நீண்ட எழுத்து-எண் வரிசை கொடுத்திருப்பார்கள். உங்கள் கோப்பின் வரிசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மேல் வலது கிளிக் செய்து சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்ற பகுதியில் எஸ்ஹெச்ஏ-256 தேர்ந்தெடுத்தால் வரிசை தெரியும். முதல் ஆறு, கடைசி ஆறு எழுத்துகளையாவது ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை இது காட்டிக்கொடுத்துவிடும். தீங்கான கோப்பையும் காட்டிக்கொடுக்கலாம்: 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் தளத்துக்குள்ளேயே ஊடுருவி, பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்வாசல் வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்திருந்தார்கள். மின்ட் குழுவே அதைக் கண்டுபிடித்து வெளிப்படையாக அறிவித்தது.

பென்டிரைவில் ஐஎஸ்ஓவை அப்படியே காப்பி செய்து போட்டால் கிளம்பாது. அதை எழுத ஒரு கருவி வேண்டும். பலேனா எட்சர் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்: கோப்பைக் காட்டு, டிரைவைக் காட்டு, எழுது என்று மூன்றே படிகள். ரூஃபஸ் விண்டோஸுக்கு மட்டும், ஆனால் அதில் வசதிகள் அதிகம். வென்டாய் என்பது வேறு ரகம். பென்டிரைவில் ஒருமுறை அதை நிறுவிவிட்டால், பிறகு எத்தனை ஐஎஸ்ஓ வேண்டுமானாலும் சாதாரணக் கோப்பு போலக் காப்பி செய்து போட்டு, கிளப்பும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். மூன்று நான்கு லினக்ஸ்களை ஒப்பிட நினைப்பவர்களுக்கு அது நல்ல துணை. முதல் தடவைக்கு எட்சரே போதும்.

எழுதும் முன், தயாரிக்கும் பென்டிரைவைத் தவிர மற்ற எல்லா யூஎஸ்பி டிஸ்க்குகளையும் கழற்றிவிடுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் பென்டிரைவுக்குப் பதில், பக்கத்தில் செருகியிருந்த வெளி ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து எழுதிவிட்டேன். சில ஆண்டுப் படங்கள் அதில் இருந்தன. மீட்புக் கருவியால் பாதியைத்தான் மீட்க முடிந்தது. அதிலிருந்து இந்த வேலைக்கு உட்காரும்போது முதலில் கேபிள்களைத்தான் கழற்றுகிறேன்.

எழுதி முடிந்ததும் விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று ஒரு பெட்டியைக் காட்டலாம். பயந்துவிடாதீர்கள், ஃபார்மேட்டை அழுத்தியும் விடாதீர்கள். விண்டோஸுக்குப் புரியாத அமைப்பில் எழுதியிருப்பதால் வரும் செய்தி அது. ரத்து செய்துவிட்டு மேலே போங்கள்.

விண்டோஸை விட்டு வெளியேறும் முன்

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். லைவ் முறை விண்டோஸைத் தொடாது என்றேன், அது உண்மை. ஆனால் பென்டிரைவிலிருந்து கிளப்புவதற்காக நீங்கள் பயாஸில் (இயங்குதளம் கிளம்பும் முன் கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றும் அமைப்புகள் விண்டோஸைத் தொடலாம்.

முக்கியமானது பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் குறியாக்கம். இப்போதைய லேப்டாப்புகள் பலவற்றில், நீங்கள் கேட்காமலே டிஸ்க் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் கிளம்ப விடும் பாதுகாப்பு) போன்ற அமைப்பை மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் கிளம்பும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடும். அந்தச் சாவி இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் கோப்புகள் போனவைதான். எனவே விண்டோஸ் செட்டிங்ஸில் டிவைஸ் என்கிரிப்ஷன் இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ள மீட்புச் சாவியைக் கண்டுபிடித்து காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மின்ட், உபுண்டு, ஃபெடோரா மூன்றும் செக்யூர் பூட் இயங்கும்போதே கிளம்பும். ஆகவே அதை அணைக்கச் சொல்லும் பழைய குறிப்புகளை உடனே பின்பற்ற வேண்டாம். அணைக்காமல் முதலில் முயலுங்கள். வென்டாய் மட்டும் முதல் முறை ஒரு சாவியைப் பதிவு செய்யச் சொல்லும்.

இன்னொன்று ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது இயங்கும்போது விண்டோஸை ஷட்டவுன் செய்தாலும் அது முழுமையாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து உங்கள் விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத முடியாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்யும் என்ற பகுதியில் இதை அணைத்துவிடலாம். அப்புறம், முக்கியக் கோப்புகளுக்கு ஒரு நகல் வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். சோதனைக்கு இது தேவையில்லைதான், ஆனாலும் எடுத்துவையுங்கள்.

கிளப்புவது

விண்டோஸிலிருந்தே கிளப்புவது எளிது. பென்டிரைவைச் செருகி, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத்திரை வந்ததும் 'யூஸ் எ டிவைஸ்' தேர்ந்தெடுத்தால் பென்டிரைவ் பெயர் தெரியும். அது வராவிட்டால் கணினியை அணைத்து, இயக்கும் பட்டனை அழுத்தியதும் பூட் மெனு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12 வேலை செய்ய, பயாஸுக்குள் அதை முதலில் இயக்கிவிட வேண்டியிருக்கும். ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

மின்ட்டின் மெனு வந்து பத்து விநாடி எண்ணும். விட்டுவிட்டால் தானே கிளம்பும். திரை கறுப்பாகவே நின்றால் அது பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டு பிரச்சினை, என்விடியா உள்ள கணினிகளில் பார்க்கலாம். மறுபடி கிளப்பி, அதே மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' எடுங்கள். உபுண்டுவில் அதன் பெயர் 'சேஃப் கிராஃபிக்ஸ்'.

டெஸ்க்டாப் வந்ததும் 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்ற ஐகான் கண் முன்னால் இருக்கும். இந்த வாரம் முழுக்க அதைத் தொடாதீர்கள். உபுண்டு கிளம்பும்போதே நிறுவும் திரை வரும். மொழி, விசைப்பலகை எல்லாம் கேட்டுவிட்டு 'இன்ஸ்டாலா, ட்ரையா' என்று கேட்கும் இடத்தில் 'ட்ரை' எடுங்கள்.

உள்ளே சோதிக்க வேண்டியவை

வேகத்தை மட்டும் இங்கே எடைபோடாதீர்கள். ஒவ்வொரு செயலியும் பென்டிரைவிலிருந்து படித்து வருவதால் முதல் முறை திறக்க நேரமாகும். டிஸ்க்கில் நிறுவினால் அதே கணினி வேறு மாதிரி ஓடும்.

முதலில் வைஃபை. வலது மூலையில் நெட்வொர்க்குகள் வரிசையாகத் தெரிந்தால் நல்லது. ஒன்றுமே தெரியாவிட்டால் உங்கள் வைஃபை சிப்புக்கான டிரைவர் லைவில் இல்லை என்று அர்த்தம். பிராட்காம் சிப்புகளிலும் சில ரியல்டெக் சிப்புகளிலும் இது நடக்கும். அங்கேயே கைவிட வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். சில விநாடிகளில் கம்பி இணைப்பு போல இணையம் வந்துவிடும், டிரைவர் எதுவும் கேட்காது. அதன் பிறகு மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால், அந்தச் சிப்புக்கு ஏற்ற டிரைவர் இருந்தால் காட்டும். பெரியப்பாவின் லேப்டாப்பில் இப்படித்தான் வழி பிறந்தது.

அடுத்தது ஒரு உண்மையான வீடியோ அழைப்பு. ஒலி வருகிறதா, மைக் எடுக்கிறதா, கேமரா தெரிகிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பதைவிட, பிரவுசரில் ஒருவரை அழைத்துப் பத்து நிமிடம் பேசினால் மூன்றும் ஒரே மூச்சில் தெரிந்துவிடும். ப்ளூடூத் ஹெட்செட் இருந்தால் அதையும் அந்த அழைப்பிலேயே இணையுங்கள். பாட்டு நன்றாகக் கேட்டுவிட்டு, மைக் இயங்கத் தொடங்கியதும் ஒலித்தரம் விழுவது சில ஹெட்செட்களில் உண்டு.

பிறகு தூக்கம். லேப்டாப் மூடியை மூடி ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். திரை வர வேண்டும், வைஃபை திரும்ப இணைய வேண்டும், டச்பேட் அசைய வேண்டும். பூட்டுத்திரை கடவுச்சொல் கேட்டால் ஒன்றும் தட்டாமல் எண்டர் கொடுங்கள். இந்தச் சோதனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தினமும் நாலு முறை மூடித் திறக்கும் லேப்டாப் ஒவ்வொரு முறையும் உறைந்து நின்றால் என்ன பாடு என்று யோசித்துப் பாருங்கள். மூன்று முறையாவது செய்துபாருங்கள். மூடியிருக்கும்போது பென்டிரைவைக் கழற்றக் கூடாது.

திரை வெளிச்சம், ஒலி அளவு கூட்டிக் குறைக்கும் விசைகள், எச்டிஎம்ஐ வழியாக இன்னொரு திரை, இவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும். கைரேகை உணரியை எதிர்பார்க்காதீர்கள், பல மாடல்களில் வேலை செய்வதில்லை.

பிரின்டருக்கும் ஸ்கேனருக்கும் நேரம் ஒதுக்குங்கள். அண்மைக்கால நெட்வொர்க் பிரின்டர்கள் டிரைவர் இல்லாமலே தானாகத் தெரியும். பழைய யூஎஸ்பி பிரின்டர்களில்தான் சிக்கல். ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பாருங்கள், ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து பாருங்கள். 'தெரிகிறது' என்பதோடு நின்றுவிடாமல் காகிதம் வெளியே வரும் வரை இருங்கள்.

கடைசியாக உங்கள் கோப்புகள். ஃபைல் மேனேஜரின் இடப்பக்கம் உங்கள் விண்டோஸ் டிஸ்க் தெரியும். பிட்லாக்கர் இருந்தால் அதன் சாவியைக் கேட்கும். அதிலிருந்து கடினமானவற்றைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள்: மேக்ரோ உள்ள எக்ஸெல், அட்டவணையும் படமும் கலந்த வேர்ட் கோப்பு. எம்பி4 வீடியோ ஓடாவிட்டால் அது கோடெக் (வீடியோவைப் பிரித்துப் படிக்கும் மென்பொருள்) விஷயம். நிறுவும்போது 'மல்டிமீடியா கோடெக்' என்ற பெட்டியில் டிக் போட்டால் தீர்ந்துவிடும், அதைக் குறையாக எழுத வேண்டாம். டிஸ்க்கே தெரியவில்லை என்றால் மட்டும் குறித்துவையுங்கள். இன்டெலின் ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற சேமிப்பு முறை பயாஸில் இயங்கக்கூடும். அதைச் சட்டென்று ஏஹெச்சிஐ என்ற வேறு முறைக்கு மாற்றினால் விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். நிறுவும் காலம் வரும்போது, முறையான வழியைப் படித்துவிட்டுச் செய்யுங்கள்.

லைவில் நீங்கள் சேமிப்பது எதுவும் நிற்காது என்பது நினைவிருக்கட்டும். எழுதிய கோப்பு வேண்டுமென்றால் இன்னொரு பென்டிரைவில் போடுங்கள். அப்டேட் மேனேஜர் கூப்பிட்டால் லைவில் அப்டேட் செய்யாதீர்கள். ரேம்தான் நிரம்பும்.

தமிழ்

தமிழ் படிப்பதில் பிரச்சினை வராது, யூனிகோடு எழுத்துருக்கள் கூடவே வருகின்றன. தட்டச்சுக்கு, உபுண்டுவில் கீபோர்டு அமைப்பில் இன்புட் சோர்ஸ் சேர்க்கும் இடத்தில் தமிழ் எடுக்கலாம். மின்ட்டில் 'இன்புட் மெத்தட்' திறந்து ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியை நிறுவி, பல மொழி விசைமுறைகள் உள்ள எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, டைப்ரைட்டர் முறைகள் வரும். எந்த முறையில் கை பழகியிருக்கிறதோ அதே முறையில் அரைப் பக்கமாவது அடித்துப் பாருங்கள். ஒரே பெயரில் இருந்தாலும் சில விசைகள் இடம் மாறியிருக்கும். கை தடுக்கும் இடத்தில்தான் அது தெரியும்.

லிப்ரெஆபீஸில் ஒரு நுணுக்கம் உண்டு. தமிழுக்கான எழுத்துருவையும் அளவையும் அது ஆங்கிலத்திலிருந்து தனியாக வைத்திருக்கும். ஆப்ஷன்ஸில் லாங்குவேஜ் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதை இயக்கினால்தான் அந்த இரண்டாவது பெட்டி கண்ணில் படும். எழுத்துரு மாற்றியும் தமிழ் மாறவில்லை என்று புலம்புபவர்களுக்கு விடை அங்கே இருக்கிறது.

பெரியப்பாவின் பழைய கடிதங்கள் முதலில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறந்தன. அவர் முகம் வாடிவிட்டது. அந்த எழுத்துருக் கோப்பை அவருடைய விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவிலிருந்து எடுத்து, லைவில் இரட்டை கிளிக் செய்து நிறுவி, கடிதத்தை மூடித் திறந்தேன். எழுத்துகள் வந்துவிட்டன. "இது போதும்பா, இனி நீ என்ன வேணாலும் மாத்திக்கோ" என்றார்.

ஒரு வாரம் எப்படி ஓட்டுவது?

ஒவ்வொரு முறையும் வைஃபை கடவுச்சொல்லிலிருந்து தொடங்குவது சலிப்பூட்டும். ரூஃபஸில் உபுண்டு, மின்ட் வகை ஐஎஸ்ஓக்களை எழுதும்போது 'பெர்சிஸ்டன்ட்' என்று ஒரு நகர்த்தி தெரியும். 16 ஜிபி அல்லது 32 ஜிபி பென்டிரைவில் அதற்கு 8 ஜிபி கொடுத்தால் அமைப்புகளும் கோப்புகளும் அடுத்த முறையும் இருக்கும். சோதனைக்கு இது போதும். ஆனால் பென்டிரைவ் அடிக்கடி எழுதுவதைத் தாங்காது, எனவே முக்கியமான எதையும் அதில் மட்டும் வைக்காதீர்கள்.

இதைவிட நல்லது வெளி எஸ்எஸ்டியில் முழுமையாக நிறுவிக்கொள்வது. வேகம் உண்மைக்கு நெருங்கி வரும், என்விடியா டிரைவரையும் போட்டு மறுதொடக்கம் செய்து பார்க்கலாம், லைவில் அது முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: மின்ட், உபுண்டு நிறுவிகள், நீங்கள் வெளி டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தாலும் பூட்லோடரை (இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் சிறு நிரல்) உள் டிஸ்க்கில் எழுதிவிடக்கூடும். பிறகு வெளி டிஸ்க்கைக் கழற்றினால் கணினி எதைக் கிளப்புவது என்று விழிக்கும். உள் டிஸ்க்கைக் கழற்ற முடிந்த கணினியில், கழற்றிவிட்டு நிறுவுவதே பத்திரம். கழற்ற முடியாவிட்டால் முதல் முயற்சிக்கு இந்த வழி வேண்டாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டலாமே என்பார்கள். செயலிகளைப் பழக அது நல்ல இடம். 8 ஜிபி ரேம் இருந்தால் அதில் 4 ஜிபி ஒதுக்கலாம். ஆனால் உங்கள் வைஃபை, தூக்கம், கேமரா எதையும் அது சோதிக்காது. அங்கே லினக்ஸ் பார்ப்பது ஒரு கற்பனைக் கணினியைத்தான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: இன்டெல் மேக்கில் இயக்கும்போது ஆப்ஷன் விசையை அழுத்திப் பிடித்தால் பென்டிரைவ் தெரியும். ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சிப் உள்ள மாடல்களில் வெளியிலிருந்து கிளப்ப முதலில் அனுமதி கொடுக்க வேண்டும், அப்படியும் உள் விசைப்பலகை வேலை செய்யாமல் போகலாம். எம்1 முதலான ஆப்பிள் சிப் மேக்குகளில் இந்தப் பென்டிரைவ் முறையே நடக்காது. அங்கே மேலே சொன்ன விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற கற்பனைக் கணினி, அதாவது விர்ச்சுவல் மெஷின்தான் எளிய வழி.

வாரக் கடைசியில்

காகிதத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒன்றை எழுதியிருப்பீர்கள்: நடக்கிறது, கொஞ்சம் மெனக்கெட்டால் நடக்கிறது, நடக்கவில்லை. எத்தனை 'நடக்கவில்லை' என்று எண்ண வேண்டாம், எவை என்று பாருங்கள். கைரேகையும் ஒரு விளையாட்டும் அங்கே இருந்தால் மாறலாம். அலுவலக வேலைக்கான ஒரு செயலி இருந்தால் முழுதாக மாறாதீர்கள், இரண்டையும் ஒரே கணினியில் வையுங்கள். அப்படி வைக்கும்போது டிஸ்க்கில் இடம் ஒதுக்குவதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே செய்யுங்கள். விண்டோஸ் பகுதியைச் சுருக்க விண்டோஸுக்குத்தான் நன்றாகத் தெரியும். மின்ட்டுக்குக் குறைந்தபட்சம் 20 ஜிபி என்பார்கள், வசதியாக வாழ 100 ஜிபி கொடுங்கள்.

சோதனைக்குப் பிறகு விண்டோஸுக்குத் திரும்பும்போது கடிகாரம் சில மணி நேரம் தள்ளிக் காட்டினால் பதற வேண்டாம். லினக்ஸ் கணினியின் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரமாகவும், விண்டோஸ் அதே கடிகாரத்தை உள்ளூர் நேரமாகவும் படிக்கின்றன. விண்டோஸின் நேர அமைப்பில் 'சிங்க் நவ்' அழுத்தினால் சரியாகிவிடும்.

பென்டிரைவைப் பழையபடி கோப்பு வைக்கப் பயன்படுத்த நினைத்தால், ரூஃபஸில் 'நான் பூட்டபிள்' தேர்ந்தெடுத்து ஒருமுறை எழுதுங்கள், முழுக் கொள்ளளவும் திரும்பிவிடும். நான் என்னுடையதை அழிப்பதில்லை. விண்டோஸ் கிளம்பாமல் நிற்கும் கணினி எங்காவது மாட்டினால், அந்தப் பென்டிரைவைச் செருகி, உள்ளே இருக்கும் கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு எடுத்துக் கொடுத்துவிடலாம்.